விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? நடுவர் நாற்காலியில நீயே உட்காரு

காரைக்குடிக்காரங்களுக்குப் பட்டிமன்றத்தைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1939-ல சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கின ஊரு இது. குன்றக்குடி அடிகளார் நடுவரா உட்கார்ந்த மேடைகளைப் பத்தி நம்ம பெரியவங்க இன்னிக்கும் பேசுவாங்க. மேடையில ஒருத்தர் தொண்டை கிழியப் பேசினாலும், அந்த அணி அவருக்கு ஒதுக்கினதுனு கேட்கிறவங்களுக்குத் தெரியும். அடுத்த ஊர்ல அதே ஆளு எதிரணியில பேசினா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. 'எந்த ஓ.எஸ். நல்லது'னு நெட்ல தேடிப் பாரு, அங்கேயும் பட்டிமன்றம்தான் நடக்குது. ஆனா பேசுறவங்க தாங்க எந்த அணினு சொல்றதில்லை. எல்லாரும் நடுவர் மாதிரியே தீர்ப்பு சொல்றாங்க.

இந்தக் கேள்வி இப்ப வீட்டுக்கு வீடு வந்திருக்கு. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட நிறுத்திடுச்சு. பதிவு பண்ணிக்கிட்டா வீட்டு உபயோகத்துக்கு அந்தத் தேதியில இருந்து ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும், அதுக்கு மேல இல்லை. விண்டோஸ் 11 ஏறணும்னா டி.பி.எம். 2.0ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும். கல்லூரிச் சாலையில இருந்து செக்காலை ரோடு வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டிருக்கிற எத்தனையோ கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை. "லினக்ஸ் போட்டுடலாமாக்கா, மேக் வாங்கிடலாமாக்கா"னு கேட்டு என் ஜாப் டைப்பிங் கடைக்குத் தம்பி தங்கச்சிங்க வந்துக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு வீடியோ. ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு சொல்லலை.

என் சாய்வை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீ கழிச்சுக்கிட்டுக் கேளு. கடையில எனக்குச் சோறு போடுறது விண்டோஸ். வீட்டுல லினக்ஸ் மின்ட், அது மேல கொஞ்சம் பாசம் ஜாஸ்தி. மேக்கை அடுத்தவங்ககிட்ட வாங்கித் தட்டிப் பார்த்ததோட சரி.

காசு யாரோடதுனு பாரு, ஆனா அங்கேயே நின்னுடாதே

2004-ல மைக்ரோசாஃப்ட் ஒரு விளம்பரம் கொடுத்துச்சு. விண்டோஸ் சர்வரை விட லினக்ஸுக்குப் பத்து மடங்குக்கு மேல செலவு ஆகுதாம். பிரிட்டன்ல விளம்பரங்களைக் கண்காணிக்கிற அமைப்புக்குப் புகார் போச்சு. அவங்க தோண்டிப் பார்த்தா, விண்டோஸ் ஓடினது சாதாரண இன்டெல் ஜியான் சர்வர்ல. லினக்ஸ் ஓடினது ஐ.பி.எம். இசட்900 மெயின்ஃபிரேம்ல. மெயின்ஃபிரேம்னா பெரிய பேங்குங்க வாங்கி வைக்கிற ராட்சச மெஷின். விலை வித்தியாசம் மெஷின்ல இருந்துச்சு, பழி லினக்ஸ் மேல விழுந்துச்சு. விளம்பரம் தவறா வழிநடத்துதுனு தீர்ப்பாச்சு.

லினக்ஸ் அணி மட்டும் காய்தல் உவத்தல் இல்லாம பேசுதானு கேட்டா, இல்லை. கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடங்கள் ரொம்ப வருஷமா லினக்ஸ்லதான் பாடம் நடத்துது, அது நல்ல விஷயம். 2017-ல அங்க ஒரு கணக்கு வெளியாச்சு, இந்த மாத்தத்தால 300 கோடி ரூபாய் மிச்சம்னு. கேட்கவே குளிர்ச்சியா இருக்குல்ல? அந்த 300 கோடி எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் செலவு ஒண்ணரை லட்சம்னு வச்சு, 20,000 கம்ப்யூட்டரால பெருக்கினது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டருக்கு ஒண்ணரை லட்ச ரூபாய்க்கு சாஃப்ட்வேரை யாரு வாங்குவா? பாடத்துக்கு வேண்டிய ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் முழு விலைக்கு வாங்கினாத்தான் அந்தத் தொகை வரும். மிச்சம் இருந்துச்சுங்கிறது உண்மையா இருக்கலாம், 300 கோடிங்கிற எண்ணு நிக்காது. பேரேடு எழுதிப் பழகின ஊருல பிறந்துட்டு இந்த மாதிரி எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது.

ஆப்பிளும் சளைச்சது இல்லை. 2022 மார்ச்ல எம்1 அல்ட்ரா சிப்பை அறிமுகப்படுத்தினப்ப ஒரு வரைபடம் காட்டினாங்க. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3090 கிராஃபிக்ஸ் கார்டை விட இது மேலனு தெரியுற மாதிரி ரெண்டு கோடு. என்விடியாவோட கோடு பாதியிலேயே நின்னு போச்சு. அந்த கார்டு இன்னும் அதிகமா கரன்ட் எடுத்து இன்னும் வேகமா ஓடக் கூடியது, அந்தப் பகுதியைத்தான் காட்டலை. வெளியில சோதிச்சவங்க முழு வேகத்துல ஓட விட்டதும் 3090 முந்திடுச்சு. வரைபடம் காட்டினா கோடு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, பக்கத்துல எண்ணு போட்டிருக்கானு முதல்ல பாரு.

நம்ம ஊர் வீடியோக்களுக்கும் சட்டம் இருக்கு. காசோ பொருளோ வாங்கிக்கிட்டுப் பரிந்துரைச்சா அதை வெளிப்படையாச் சொல்லணும்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல வழிகாட்டு விதி போட்டுச்சு. தப்பா வழிநடத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பத் திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும். வீடியோவுக்குக் கீழ இருக்கிற லிங்க்கை அழுத்தி நீ லேப்டாப் வாங்கினா சொல்றவருக்குக் கமிஷன் போகலாம். அது குத்தம் இல்லை, தெரிஞ்சு கேளு, அவ்வளவுதான். ஒண்ணு கவனிச்சுக்கோ, லினக்ஸ் இறக்கிக்க லிங்க் கொடுத்தா யாருக்கும் கமிஷன் கிடையாது. பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்கிற வழியை விடப் புது லேப்டாப் வீடியோ ஏன் நிறைய வருதுனு யோசிச்சுப் பார்த்திருக்கியா?

அதுக்காகக் காசு வாங்கினவர் சொல்றது எல்லாம் பொய்னு தூக்கிப் போட்டுடாதே. 1999-ல மைண்ட்கிராஃப்ட்னு ஒரு கம்பெனி, மைக்ரோசாஃப்ட் காசுல ஒரு சோதனை நடத்துச்சு. ஃபைல் சர்வரா விண்டோஸ் என்.டி. லினக்ஸை விட 2.5 மடங்கு வேகம், வெப் சர்வரா 3.7 மடங்கு வேகம்னு அறிக்கை கொடுத்தாங்க. லினக்ஸ்காரங்க கொதிச்சுப் போனாங்க. "லினக்ஸைச் சரியா அமைக்கலை, மெஷினையே விண்டோஸுக்குச் சாதகமாப் பொறுக்கியிருக்காங்க"னு சொன்னாங்க, அதுல நியாயமும் இருந்துச்சு. ஒரு பத்திரிகையோட சோதனைக்கூடத்துல, லினக்ஸ் ஆளுங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டு மறுபடி சோதிச்சாங்க. வித்தியாசம் குறைஞ்சுச்சே தவிர, விண்டோஸ்தான் முந்துச்சு. பல புராசஸர், பல நெட்வொர்க் கார்டு இருக்கிற மெஷின்ல லினக்ஸுக்கு நிஜமாவே முட்டுக்கட்டை இருந்துச்சு. லினக்ஸை எழுதுறவங்க கோவத்தை ஓரமா வச்சுட்டு அடுத்த பதிப்புகள்ல அதைச் சரி பண்ணாங்க. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். சோதனை ஒருதலையா இருந்துச்சு, அதுக்குள்ள நிஜமான குறையும் இருந்துச்சு.

ரெண்டு தட்டுலயும் ஒரே எடையானு பாரு

கடைக்கு வர்றவங்க அடிக்கடி சொல்றது: "லினக்ஸ் போட்டேங்க்கா, ராக்கெட் மாதிரி போகுது." என்ன மாத்தினேனு கேட்டா, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, அதுல லினக்ஸ் ஏத்தியிருப்பாங்க. வேகத்துல பாதிக்கு மேல அந்த எஸ்.எஸ்.டி. கொடுத்தது. அதே எஸ்.எஸ்.டி.யில விண்டோஸைப் புதுசா ஏத்தியிருந்தாலும் வாயைப் பிளந்திருப்பாங்க. ஓ.எஸ். பழி சுமக்கிறதும் மாலை வாங்குறதும் பல சமயம் ஹார்டுவேர் செஞ்ச வேலைக்குத்தான்.

நேத்து ஏத்தின லினக்ஸையும், அஞ்சு வருஷமாக் கண்ட டூல்பார், ரெண்டு ஆன்டிவைரஸ், பிரிண்டரோட வந்த குப்பைனு சுமந்துக்கிட்டு நிக்கிற விண்டோஸையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது நியாயமே இல்லை. லட்ச ரூபாய் மேக்புக்கையும் முப்பத்தஞ்சாயிரம் ரூபாய் லேப்டாப்பையும் ஒப்பிட்டு "விண்டோஸே வேஸ்ட்"னு சொல்றதும் அதே கதைதான். லட்ச ரூபாய்க்கு விண்டோஸ் லேப்டாப்பும் கிடைக்குது, அதோட வச்சுப் பாரு.

ஆன் ஆகுற நேரத்தை ஸ்டாப்வாட்ச் வச்சு அளக்கிற வீடியோ நிறைய இருக்கு. இதுல ஒரு சூட்சுமம். விண்டோஸ் 8-ல இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் கொடுத்தாலும் ஓ.எஸ். ஓட அடிப்படைப் பகுதியை டிஸ்க்ல எழுதி வச்சுக்கிட்டுத்தான் தூங்கப் போகும், எழுந்திருக்கிறப்ப அதை அப்படியே எடுத்துக்கும். லினக்ஸ் பெரும்பாலும் முழுசா அணைஞ்சு முழுசா எழும். சரியா அளக்கணும்னா ரெண்டுலயும் ரீஸ்டார்ட் கொடுத்து அளக்கணும். (தினமும் வெறும் ஷட் டவுன் கொடுக்கிற உனக்கு அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நேரம்தான் முக்கியம்னா, அதுவும் நியாயமான அளவுதான். எதை அளந்தோம்னு சொல்லணும், அதான் விஷயம்.)

"500 ஜி.பி. டிஸ்க் வாங்கினேன், விண்டோஸ் 35 ஜி.பி.யை முழுங்கிடுச்சு, மேக்ல முழுசாக் காட்டுது"னு ஒரு புகார் உண்டு. யாரும் எதையும் முழுங்கலை. டிஸ்க் கம்பெனி ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட்னு எண்ணும். விண்டோஸ் 1024-ஆல மூணு தடவை வகுத்துட்டு அதையும் ஜி.பி.னே எழுதும். அதனால 500 அங்க 465 ஆகுது. மேக் 2009-ல இருந்து டிஸ்க் கம்பெனி மாதிரியே எண்ணுது. உள்ளே போற போட்டோ ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கைதான்.

ராம் கணக்கும் இப்படித்தான். சும்மா இருக்கிறப்ப விண்டோஸ் 3 ஜி.பி., லினக்ஸ் 1 ஜி.பி.னு ஸ்கிரீன்ஷாட் போடுவாங்க. காலியா இருக்கிற ராமை முன்கூட்டியே எடுத்து வச்சுக்கிறது, கேட்டா விட்டுக் கொடுக்கிறதுனு ஒவ்வொரு ஓ.எஸ்.ஸும் ஒவ்வொரு மாதிரி. மேக் நினைவகத்தைச் சுருக்கியே வைக்கும். 4 ஜி.பி. மெஷின்னா லினக்ஸ்ல மூச்சு விட இடம் ஜாஸ்திங்கிறது உண்மை. 16 ஜி.பி. வச்சிருக்கிறவருக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டால ஒரு பிரயோஜனமும் இல்லை.

விலையைப் பேசுறப்ப ஒரு விஷயத்தை நாம எல்லாரும் நாசூக்கா மறைச்சுடறோம். "விண்டோஸ்கூட எனக்கு ஃப்ரீதான்க்கா"னு சொல்றவங்க மெஷின்ல இருக்கிறது பெரும்பாலும் ஆக்டிவேட்டர் போட்டுத் திறந்த திருட்டு விண்டோஸ். அதை வச்சு விலையை ஒப்பிடாதே. வைரஸ் வந்தா விண்டோஸைத் திட்டவும் திட்டாதே, அந்த ஆக்டிவேட்டரே வைரஸைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கலாம்.

வைரஸ் சண்டை

"லினக்ஸுக்கு வைரஸே வராது"னு யாராவது சத்தியம் பண்ணா 2024 மார்ச்ல நடந்ததைச் சொல்லு. லினக்ஸ்ல பரவலா இருக்கிற எக்ஸ்.இசட்.ங்கிற சின்ன சுருக்கக் கருவிக்குள்ள யாரோ திட்டம் போட்டுப் பின்கதவு வச்சிருந்தாங்க. லாகின் ஆக வழக்கத்தை விட அரை விநாடி கூட ஆகுதேனு நோண்டிப் பார்த்துக் கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட். அவர் வேலை பார்க்கிறது மைக்ரோசாஃப்ட்ல! எதிரணி ஆளு வந்து வீட்டுக் கதவைச் சாத்திட்டுப் போன மாதிரி ஆச்சு.

அதே வருஷம் ஜூலை 19-ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையோட நின்னு போச்சு, நம்ம நாட்டு ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. "பார்த்தியா விண்டோஸ் லட்சணத்தை"னு ஒரே கேலி. சிக்கலைக் கிளப்பினது கிரவுட்ஸ்டிரைக்ங்கிற பாதுகாப்புக் கம்பெனியோட தப்பான அப்டேட். அதே கம்பெனி சாஃப்ட்வேர் சில மாசம் முன்னாடி லினக்ஸ் சர்வர்களையும் படுக்க வச்சுது, அது செய்தியாகலை. நீ கவலைப்பட வேண்டியது ஒழுங்கா அப்டேட் வருதா, நீ அதைப் போடுறியானுதான்.

தமிழ்ல அடிச்சுப் பார்த்தியா?

இங்கிலீஷ் வீடியோ எதுவும் இதைச் சொல்லாது. நமக்கு இது பெரிய விஷயம், அதனால கொஞ்சம் நின்னு பேசறேன்.

"லினக்ஸ்ல தமிழ் உடைஞ்சு வருதுக்கா"னு ஒருத்தர் ஃபைலோட வருவாரு. திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாத் தெரியும். அது வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்ச ஃபைல். அந்த முறையில தமிழ் எழுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும், புத்தம்புது விண்டோஸா இருந்தாலும், இப்படித்தான் தெரியும். தமிழ்நாடு அரசே 2010-ல யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. பழைய ஃபைலை யூனிகோடுக்கு மாத்திட்டு அப்புறம் ஒப்பிடு.

இன்னொண்ணு, வாடகை ஒப்பந்தம் அடிக்கிறவங்களுக்கு. வேர்டுல லதா எழுத்துருவுல அடிச்சு, பத்திரத்தாள் அளவுக்கு மேல இடம் விட்டு, சாட்சிக் கையெழுத்து வரைக்கும் ஒரே பக்கத்துல அடக்கியிருப்போம். அதை லினக்ஸ்ல லிபர் ஆஃபீஸ்ல திறந்தா 'சாட்சிகள்'ங்கிற வரி மட்டும் தனியா ரெண்டாம் பக்கத்துக்குக் குதிச்சிருக்கும். காரணம், லதா விண்டோஸோட வர்ற எழுத்துரு. லினக்ஸ்ல அது இல்லாததால லோஹித், நோட்டோ மாதிரி வேற எழுத்துரு அந்த இடத்துல வந்து உட்காரும், அதோட அகலமும் வரி உயரமும் வேற. ரெண்டு பக்கமும் நோட்டோ தமிழை ஏத்திக்கிட்டு அதுலயே அடிச்சா இந்தச் சண்டை பெருமளவு தீரும். அப்பவும் பத்திரத்தாளைப் பிரிண்டர்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஃபைலைப் பி.டி.எஃப். ஆக்கிடு.

தட்டச்சைப் பத்திக் கேட்டா, 1999-ல சென்னை மாநாட்டுல முடிவான தமிழ்99 விசைப்பலகை இப்ப மூணுலயும் இருக்கு. மேக்ல இந்த விஷயத்துல முன்னாடியே நல்ல ஏற்பாடு, மலேசியாவோட முத்து நெடுமாறன் செஞ்ச இணைமதி எழுத்துருவும் அவரோட அஞ்சல் முறையும் உள்ளேயே வருது. லினக்ஸ்ல ஐபஸ்ங்கிற தட்டச்சு அமைப்புல போய்ச் சேர்த்துக்கணும், முதல் தடவை கொஞ்சம் தலையைச் சொறிய வைக்கும். அதைக் குறைனு சொல்றது நியாயம். 'லினக்ஸ்ல தமிழே வராது'னு சொல்றது அநியாயம்.

உன் வேலை என்ன?

உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் அத்தனையும் 2017-ல இருந்து லினக்ஸ்லதான் ஓடுது. வாஸ்தவம். அதுக்கும் ஜவுளிக்கடை வச்சிருக்கிற தம்பியோட ஜி.எஸ்.டி. ரிட்டனுக்கும் என்ன சம்பந்தம்? அவனுக்கு டேலி வேணும். டேலி பிரைம் விண்டோஸுக்குத்தான் நேரடியா வருது, மத்ததுல ஓட்டணும்னா கிளவுட், அது இதுனு சுத்துவழி. ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பார்கோட் பிரிண்டர், கடையில இருக்கிற பழைய லேசர் பிரிண்டர் இதுக்கெல்லாம் எந்த ஓ.எஸ்.ஸுக்கு டிரைவர் இருக்குனு பார்த்துட்டுத்தான் மாத்தணும். அழகப்பா காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ற தங்கச்சிக்கு லினக்ஸ் நல்ல பழக்கம். வீட்டுல யூடியூப், ஆன்லைன் கிளாஸ், கரன்ட் பில்னு மட்டும் பார்க்கிற அம்மாவுக்கு எதுவா இருந்தாலும் பிரவுசர் ஒண்ணுதான்.

பழக்கம்ங்கிறது சின்ன விஷயம் இல்லை. 2011-ல தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்ல விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ரெண்டும் இருந்துச்சு. பாஸை உருவாக்கினது சி-டாக் நிறுவனம், சென்னையில. எங்க கடைக்கு வந்த லேப்டாப்கள்ல பிள்ளைங்க விண்டோஸ் பக்கம்தான் திறப்பாங்க. இதை வச்சு 'லினக்ஸ் தோத்துச்சு'னு சொல்லிடலாமா? கேரளாவுல லினக்ஸை வச்சுப் பத்தாம் வகுப்பு ஐ.டி. பரீட்சையே நடத்துறாங்க. அங்க டீச்சருக்குப் பயிற்சியும் பாடப்புத்தகமும் லினக்ஸ்லயே கொடுத்தாங்க, இங்க ஐகானை மட்டும் கொடுத்தோம்.

ஒரு பென்டிரைவ் போதும்

8 ஜி.பி. பென்டிரைவ்ல மின்ட், உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸை ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பார்க்கலாம். வை-ஃபை பிடிக்குதா, சவுண்டு வருதா, கேமரா தெரியுதா, பிரிண்டர்ல ஒரு தமிழ்ப் பக்கம் வருதா, மூடித் திறந்தா எழுந்திருக்குதானு பாரு. வேகத்தை மட்டும் இதை வச்சு எடை போடாதே, பென்டிரைவ்ல இருந்து ஓடுறப்ப எல்லாமே மெதுவாத்தான் இருக்கும்.

நீ பார்த்ததை யாருக்காவது எழுதிப் போடுறதா இருந்தா மாடல், ராம், எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்க்கா, ஓ.எஸ். பதிப்பு, தேதி, என்ன வேலை செஞ்சு பார்த்தே, எதுக்கு நீ ஏற்கெனவே பழகியிருக்கே, இதையெல்லாம் போடு. அடுத்தவங்க வீடியோவுலயும் தேதியைப் பாரு, மூணு வருஷம் முன்னாடி சொன்ன குறை இன்னிக்கு இருக்கணும்னு இல்லை.

பென்டிரைவ்ல இருந்து ஓட்ட பயோஸ் செட்டிங்கைத் தொட வேண்டியிருக்கும். விண்டோஸ் 11 லேப்டாப்னா நிறைய மெஷின்ல டிஸ்க் தானாவே பூட்டு போட்டு வந்திருக்கும், செட்டிங்கை மாத்தினதும் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டு மிரட்டும். முதல்ல உன் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள்ள போய் அந்த 48 இலக்கக் கீயைத் தாள்ல எழுதி வச்சுக்கோ. போட்டோ, மார்க்‌ஷீட் ஸ்கேன், கடைக் கணக்கு எல்லாத்தையும் வேற ஒரு டிரைவ்ல காப்பி எடுத்துட்டு, அதைத் திறந்து பார்த்துட்டு, அப்புறம் லேப்டாப்ல கையை வை.